டிஷ்யூ பாக்கெட்டும் கலைக்கூடமும்: ஒரு பகடி நாடகம் எழுதிய அனுபவம்

சமகாலக் கலையுலகைப் பகடி செய்து தமிழில் மேடை நாடகம் எழுத உட்காருகிறவருக்கு முதல் போட்டியாளர் செய்தித்தாள்தான். நாம் கற்பனையில் எட்டிப் பிடிக்க நினைக்கும் அபத்தத்தை உலகம் முன்னமே நடத்தி முடித்து, விலையையும் எழுதி வைத்திருக்கிறது. 2019 டிசம்பரில் மயாமியில் நடந்த ஆர்ட் பாசல் கலைச் சந்தையில் இத்தாலியக் கலைஞர் மவுரிசியோ கட்டெலான் ஒரு வாழைப்பழத்தைச் சுவரில் ஒட்டுநாடாவால் ஒட்டி, அதற்கு 120,000 அமெரிக்க டாலர் விலை வைத்தார். டேவிட் டாட்டூனா என்ற இன்னொரு கலைஞர் வந்து அதை உரித்துத் தின்றுவிட்டார். கலைக்கூடத்தார் பதறவில்லை, வேறொரு பழத்தை ஒட்டினார்கள். விற்பனைக்கு இருந்தது பழம் அன்று, பழத்தை எப்படி ஒட்ட வேண்டும் என்ற குறிப்பும் அதற்கான சான்றிதழும்தான். 2024 நவம்பரில் நியூயார்க்கில் சாதபீஸ் ஏல நிறுவனம் அந்தப் படைப்பின் ஒரு பிரதியை 6.2 மில்லியன் டாலருக்கு விற்றது. வாங்கியவர் ஜஸ்டின் சன் என்னும் மின்னிலக்க நாணயத் (கிரிப்டோ) தொழிலதிபர். அவர் ஹாங்காங்கில் செய்தியாளர்களைக் கூட்டிவைத்து அதைச் சாப்பிட்டார். ஏலத்தன்று ஒட்டப்பட்ட பழம் தெருவோரக் கடையில் 35 அமெரிக்கக் காசுக்கு வாங்கப்பட்டது. அதை விற்றவர் வங்காளதேசத்திலிருந்து வந்த முதியவர். ஏலத்தில் போன விலையைக் கேட்டதும் அவர் அழுதார் என்று செய்தி வந்தது. இதற்கு மேல் ஒரு நகைச்சுவை எழுத்தாளர் செய்வதற்கு என்ன மிச்சம் இருக்கிறது?

மிச்சம் இருக்கிறது என்பதுதான் என் அனுபவம். சிங்கப்பூரில் பகலில் ஆளுக்கொரு வேலை பார்த்துவிட்டு மாலையில் ஒத்திகைக்குக் கூடும் சிறு தமிழ் நாடகக் குழு ஒன்றுக்காக, ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடும் பகடி நாடகம் ஒன்றை எழுதினேன். பெரிய அரங்கு கிடையாது. மேடையும் பார்வையாளர் வரிசையும் ஒரே தளத்தில் இருக்கும் கறுப்புப்பெட்டி அரங்கு. இதே வேலையில் இறங்க நினைக்கிறவர்களுக்குப் பயன்படக்கூடியவற்றை இங்கே எழுதுகிறேன். இவற்றில் பெரும்பாலானவை ஒரே கருத்தைச் சுற்றியே வரும்: சிரிக்க வேண்டியது சுவரில் ஒட்டிய பொருளைப் பார்த்து அன்று, அதைச் சுற்றி நிற்கிறவர்களின் முகத்தைப் பார்த்து.

கருவுக்கு முதல் விதை 2016-இல் வந்த ஒரு செய்தி. சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பதின்ம வயது நண்பர்கள் ஒரு மூக்குக்கண்ணாடியைச் சுவரோரமாகத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார்கள். சற்று நேரத்தில் பார்வையாளர்கள் அதைச் சுற்றி நின்று பார்க்கவும் குனிந்து படம் எடுக்கவும் தொடங்கிவிட்டார்கள். இதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் இரவல் நகைச்சுவையாகத்தான் இருக்கும். கண்ணாடிக்குப் பதில் எதை வைப்பது என்று யோசித்தபோது, விடை உணவங்காடி நிலையத்தில் ஒவ்வொரு மதியமும் கிடப்பது நினைவுக்கு வந்தது.

டிஷ்யூ பாக்கெட்டின் அதிகாரத்தைச் சிங்கப்பூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கூட்டம் நெரியும் மதிய வேளையில் ஒரு மேசையின்மேல் அது கிடந்தால், அந்த இடத்தை யாரோ ‘சோப்’ செய்துவிட்டார், அதாவது தமக்கென்று பிடித்து வைத்துவிட்டார் என்று பொருள். தட்டில் சூடான சோற்றுடன் நிற்கிறவர்கூட அதை நகர்த்திவிட்டு உட்காரத் தயங்குவார். எந்தச் சட்டமும் அதற்கு அந்த உரிமையைத் தரவில்லை. சில காசு பெறாத ஒரு பொருள், எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே காரணத்தால், வைத்த இடத்தில் ஆட்சி செய்கிறது. 1917-இல் மார்செல் டூஷாம்ப் ஒரு சிறுநீர்க் கோப்பையில் வேறொரு பெயரைக் கையெழுத்திட்டு நியூயார்க் கண்காட்சி ஒன்றுக்கு அனுப்பியபோது எழுந்த கேள்வியும் இதுதான்: ஒரு பொருளைக் கலையாக்குவது அதன் உடலா, அதைக் கலை என்று ஏற்கும் கூட்டமா? கலை வரலாற்று வகுப்புகளில் நெடுநேரம் விளக்கப்படும் இந்தக் கேள்வியை எங்கள் பார்வையாளர்கள் லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தை உணவங்காடியில் முன்பே கற்றுத் தேறியிருந்தார்கள். எந்தத் துறையைப் பகடி செய்தாலும், அத்துறையின் விதிக்கு இணையான ஒரு விதி பார்வையாளரின் வாழ்க்கையில் எங்கே இருக்கிறது என்று முதலில் தேட வேண்டும். அது கிடைத்துவிட்டால் மேடையில் விரிவுரை தேவைப்படாது.

கதை இப்படிப் போகிறது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரும் அவர் மனைவியும், வெயிலுக்கு ஒதுங்க இடம் தேடி, கிடங்கை மாற்றியமைத்த ஒரு கலைக்கூடத்துக்குள் வருகிறார்கள். குடிமக்களுக்கு அனுமதி இலவசம், உள்ளே குளிர்சாதனம் உண்டு, இவ்விரண்டும் போதும். கணவர் எங்கோ சுற்றிப் பார்க்கப் போய்விட, மனைவி அங்கிருந்த ஒரே இருக்கையில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போகிறார். திரும்பி வரும்போது இருக்கையைச் சுற்றிக் கூட்டம் நிற்கிறது. லண்டனில் படித்துத் திரும்பிய இளம் தமிழ்ப்பெண் ஒருத்தி அங்கே கியூரேட்டர், அதாவது படைப்புகளைத் தேர்ந்து கண்காட்சியை அமைப்பவள்.

“அது நான் வெச்சதும்மா.”

“நீங்களா ஆன்ட்டி? எதுக்காக வெச்சீங்க?”

“எதுக்கு வெப்பாங்க? நான் திரும்பி வருவேன்னு தெரியணும்ல.”

“பார்க்கிற எல்லாருக்குமா?”

“தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். தெரியாதவங்க உக்காந்துடுவாங்க.”

கடைசி வரியைக் கியூரேட்டர் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறாள். நாடகம் முழுவதும் இந்த அம்மாள் இருக்கையைப் பற்றி மட்டுமே பேசுகிறார். கலையைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் வருவதில்லை. அவர் வேடிக்கையாகப் பேச முயன்றால் நாடகம் அந்தக் கணமே சரிந்துவிடும் என்று நடிகையிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. ஆள்மாறாட்டத்தில் பிறக்கும் நகைச்சுவையைவிட, இருவரும் உண்மையே பேசியும் ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொள்வதில் பிறக்கும் நகைச்சுவை நெடுந்தூரம் ஓடும். அதற்கு நடிகர் தம் பாத்திரத்தின் நேர்மையைக் கடைசிவரை காக்க வேண்டும்.

யாரைப் பகடி செய்கிறோம் என்ற கேள்விக்கு வருகிறேன். தொல்காப்பியம் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது: வெளிப்படையாகத் தாக்குவது செம்பொருள் அங்கதம், சொல்லுக்குள் தாக்குதலை மறைத்து வைப்பது பழிகரப்பு அங்கதம். கலையுலகை நேரடியாகத் தாக்குவது மிக எளிது. “இதை என் பேரப்பிள்ளையே வரைவான்” என்ற ஒரு வரி எந்தக் கூட்டத்திலும் கைத்தட்டல் வாங்கிக் கொடுக்கும், அதன் பிறகு நாடகம் நகர இடமிருக்காது. இரண்டாம் வகைக்கு நம்மிடம் இருக்கும் சிறந்த எடுத்துக்காட்டு புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. அதியமானின் தூதாகச் சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையோடு காட்டுகிறான். அவர் அதைப் புகழ்கிறார்: இவை பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டு, காவல் மிகுந்த பெரிய மாளிகையில் இருக்கின்றன, எங்கள் அரசனுடைய படைக்கலங்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. அத்தனையும் புகழ்ச்சி. ஆயினும் கேட்டவன் தலைகுனிந்திருப்பான்.

கண்காட்சிக் கூடத்தைப் பற்றித் தமிழில் எழுந்த முதல் பகடி இதுவே என்று எங்கள் குழுவில் நான் வாதாடினேன்; இன்னமும் அதை விட்டுக்கொடுக்கும் எண்ணம் எனக்கில்லை. அந்தப் பாட்டின் ‘காவல் மிகுந்த பெரிய மாளிகை’ இன்று சாங்கி விமான நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. 2010-இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் ஃப்ரீபோர்ட், செல்வந்தர்கள் தங்கள் ஓவியங்களையும் தங்கத்தையும் மதுப் புட்டிகளையும் வரிச்சுமையின்றிப் பாதுகாத்து வைப்பதற்கான உயர்காப்புக் கிடங்கு. ஓவியம் கைமாறும்போதுகூடப் பெட்டி திறக்கப்படாமல் அறை மட்டும் மாறினால் போதும் என்பது இத்தகைய கிடங்குகளின் வசதி. 2022-இல் அந்தக் கிடங்கையே மின்னிலக்க நாணயத் தொழிலதிபர் ஜிஹான் வூ 40 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கினார். வாழைப்பழத்தை ஏலத்தில் வாங்கித் தின்றவரும் அதே தொழில்காரர் என்பதை நாடகத்தில் சேர்த்தால் மிகையாகத் தோன்றும் என்று விட்டுவிட்டேன். நாடகத்தின் மூன்றாம் காட்சியில் டிஷ்யூ பாக்கெட்டை வாங்க வருகிறவர், அது எங்கே வைக்கப்படும் என்று கேட்கப்பட்டதும், “யாரும் பார்க்க முடியாத இடத்தில், மிகவும் பாதுகாப்பாக” என்று உருக்கத்தோடு உறுதி கூறுகிறார். ஔவையாரின் வழியில், அவரை யாரும் மறுத்துப் பேசுவதில்லை; அம்மாள் பாராட்டவே செய்கிறார்.

உண்மைச் செய்திகளைக் கையாள்வதில் நாங்கள் வைத்துக்கொண்ட வழக்கம் ஒன்று உண்டு. நடந்ததை நடந்தபடியே சொன்னால் பார்வையாளர் நம்பமாட்டார். ஆகவே அதை நாடகத்திலேயே மிகக் குறைவாக நம்பப்படும் பாத்திரத்தின் வாயில் வைக்க வேண்டும். கலைக்கூடத்தில் நாள்தோறும் சுற்றித் திரியும் ஒரு வேலையற்ற இளைஞன் எங்களிடம் இருந்தான். டென்மார்க்கின் ஆல்போர்க் நகரத்து அருங்காட்சியகம் 2021-இல் ஒரு கலைப்படைப்புக்காக யென்ஸ் ஹோனிங் என்ற கலைஞருக்கு 534,000 குரோனர் பணம் கொடுத்ததையும், அவர் இரண்டு வெற்றுத் திரைச்சீலைகளை அனுப்பி அதற்கு ‘பணத்தை எடுத்துக்கொண்டு ஓடு’ என்று தலைப்பிட்டதையும், அருங்காட்சியகம் அவற்றையே காட்சிக்கு வைத்துவிட்டுப் பிறகு நீதிமன்றம் போனதையும் அவன் சொல்கிறான். சார்டினியாவைச் சேர்ந்த சல்வத்தோரே காராவ் அதே ஆண்டில் கண்ணுக்குத் தெரியாத சிற்பம் ஒன்றை 15,000 யூரோவுக்கு விற்றதையும் சொல்கிறான். மேடையில் எல்லாரும் அவனை அடக்குகிறார்கள். இடைவேளையில்லாத நாடகமாதலால் யாரும் வெளியே போய்த் தேடிப் பார்க்க முடியாது. நாடகம் முடிந்த பிறகு கைப்பேசியில் தேடி, அவ்வளவும் உண்மை என்று அறிந்து திரும்பி வந்து எங்களிடம் சொன்னவர்களின் முகங்கள்தான் எனக்குப் பிடித்த கைத்தட்டல்.

பகடி எழுதுகிறவர் அறிந்திருக்க வேண்டிய உள்ளூர் வரலாறு ஒன்றும் இருக்கிறது. 1994 புத்தாண்டுப் பொழுதில் பார்க்வே பரேட் கடைத்தொகுதியில் ஜோசஃப் இங் தம் உடலையே ஊடகமாக்கி நிகழ்த்திய ஒரு நிகழ்த்துகலைப் படைப்பு பெரும் சர்ச்சையாகி, அவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக நிகழ்த்துகலைக்கும், பார்வையாளரும் கதையில் குறுக்கிடும் மன்ற அரங்குக்கும் அரசு நிதி நிறுத்தப்பட்டு, 2003 வரை அந்த நிலை நீடித்தது. 1995-இல், கலைஞர் டாங் டா வூ ‘கலைகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள்’ என்று முதுகில் எழுதிய மேற்சட்டையை அணிந்து, அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் வந்திருந்த கண்காட்சியில் அவர் எதிரிலேயே போய் நின்றார். அந்தச் சட்டையைவிடக் கூர்மையான பகடியை என்னால் எழுத முடியாது. இந்த ஊரில் கலைஞர்கள் கேலிக்கு ஆளானதோடு விலையும் கொடுத்திருக்கிறார்கள். எனவே எங்கள் சிரிப்பு அந்தத் தடையின் பக்கம் போய் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன். நாடகத்தில் ஒரு கலைஞர் பாத்திரமும் வருகிறது. அவருடைய படைப்பு அந்த இருக்கைக்கு எதிர்ச்சுவரில் தொங்குகிறது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவரைக் கோமாளியாக்கும் வரிகள் எதையும் நான் எழுதவில்லை. கூலி நிலுவையைப் பற்றி அவர் கேட்கும் ஒரே கேள்விக்கு, “இது உங்களுக்கு நல்ல விளம்பரம்” என்ற விடை வருகிறது. ஒத்திகைக்கு அழைத்திருந்த கலைத்துறை நண்பர்கள் நாடகத்திலேயே உரக்கச் சிரித்த இடம் அதுதான். மற்றவர்கள் அந்த வரியை அமைதியாகக் கடந்துபோனார்கள். துறைக்குள் இருப்பவர்களை ஒத்திகையின்போதே அழைத்துவிடுவது நல்லது. எங்கே அவர்கள் சிரிக்கிறார்கள் என்பதைவிட, பார்வையாளர் சிரித்து அவர்கள் சிரிக்காத இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். அங்கேதான் நாம் மேலோட்டமாக எழுதியிருப்போம்.

களப்பணி இல்லாமல் இந்த வகை நாடகத்தை எழுத முடியாது. தேசியக் கலைக்கூடத்திலும் சிங்கப்பூர் கலை அரும்பொருளகத்திலும் வழிகாட்டிச் சுற்றுகளில் சேர்ந்து நடந்தேன். அங்கே படைப்பைப் பார்க்க மாட்டேன், பார்க்கிறவர்களைப் பார்ப்பேன். விளக்கப் பலகையை முதலில் படித்துவிட்டுப் பிறகு படைப்பை நோக்கித் தலையசைப்பவர்கள், பலகை எது, படைப்பு எது என்று தெரியாமல் தீயணைப்புக் கருவியின் முன் சற்று நேரம் நின்றுவிட்டு நாசூக்காக நகர்கிறவர்கள் என்று உடல்மொழி ஏராளமாகக் கிடைத்தது. ஆனாலும் அதிகமாகக் கற்றுக்கொண்டது கூடங்களில் நாற்காலியில் அமர்ந்து காவல் காப்பவர்களிடமும், படைப்புகளைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்தும் தொழில்நுட்பப் பணியாளர்களிடமும்தான். கலையுலகின் பேச்சு முழுவதையும் அவர்கள் நின்றுகொண்டே கேட்கிறார்கள்; அவர்களிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. தம்மிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி கழிவறை எங்கே என்பதுதான் என்று ஒருவர் சொன்னார். நாடகத்தின் முதல் வசனமே அதிலிருந்துதான் பிறந்தது.

கணவர் பாத்திரம் பெரிதானதும் அந்தப் பணியாளர்களால்தான். சிங்கப்பூர் கலை அரும்பொருளகம் 2022 முதல் தஞ்சோங் பகார் டிஸ்ட்ரிபார்க் என்னும் துறைமுகக் கிடங்குக் கட்டடத்தில் இயங்குகிறது. தஞ்சோங் பகார் வட்டாரம் தமிழர்களுக்குப் புதிதன்று. துறைமுகத்தில் மூட்டை தூக்கியும் கப்பலில் சரக்கு ஏற்றியும் வாழ்ந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் பழைய முகவரி அது. அங்கே போன முதல் நாளே எனக்குத் தோன்றியது இதுதான்: இந்தச் சுவர்களுக்குள் ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி ஒருவர் வந்தால், அங்கிருக்கும் எல்லாரையும்விட அவருக்குத்தான் அந்த இடம் நன்றாகத் தெரிந்திருக்கும். நாடகத்தில் அவர் சரக்கு மின்தூக்கி ஏன் அத்தனை அகலம், தரை எவ்வளவு பளு தாங்கும், கூரை ஏன் இவ்வளவு உயரம் என்று சொல்லிக்கொண்டே வருகிறார். தொங்கும் சிற்பம் ஒன்றின் கம்பிக்கட்டைப் பார்த்து, “இந்த முடிச்சுப் போட்டவன் நல்ல வேலைக்காரன்” என்கிறார். அந்தக் கூடத்தில் ஒரு படைப்பை உண்மையாகவே உற்றுப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

கியூரேட்டரின் உரையை எழுதுவதுதான் எழுத்தளவில் கடினமான வேலை. பொருளற்ற சொற்குவியலை வாய்வழியே கொட்டினால் அரங்கம் முதல் முறை சிரிக்கும். இரண்டாம் முறை இருமும். ஆகவே நான் மேற்கொண்ட கட்டுப்பாடு, அவள் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் இலக்கணப்படி சரியாகவும், சோப் செய்யும் வழக்கத்தைப் பொறுத்தவரை முழுக்க உண்மையாகவும் இருக்க வேண்டும் என்பது. “இந்த இருக்கை காலியாக இல்லை, ஆனால் இதில் எவரும் அமர்ந்திருக்கவும் இல்லை. உரிமை கோரியவர் இங்கே இல்லை என்பதாலேயே அவருடைய உரிமை உறுதிப்படுகிறது. இதை அகற்றும் வலிமை நம் எல்லாருக்கும் உண்டு. அகற்றாமல் நிற்பதன் மூலம் நாம் ஒரு சமூகமாகிறோம்.” இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் சிரிப்பின் நடுவே, அட, சரியாகத்தானே சொல்கிறாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பின்வரிசையிலிருந்து பார்த்தேன். கடைசி வாக்கியம், வேறொரு நிகழ்ச்சிக்கான மானிய விண்ணப்பத்தில் நானே எழுதியதன் சிறு மாற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிதி கிடைத்த விண்ணப்பம் அது.

1996-இல் அமாண்டா ஹெங் தொடங்கிய ‘லெட்ஸ் சாட்’ என்ற படைப்பில், வந்தவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து தேநீர் குடித்து, பேசிக்கொண்டே தவ்கே என்னும் பயறு முளையின் வால்களைக் கிள்ளினார்கள். நம் வீட்டுப் பெண்கள் முருங்கைக்கீரை ஆய்ந்தபடி ஊர்க்கதை பேசியதை அறிந்தவர்கள் இதைப் பார்த்து எளிதில் சிரிக்க மாட்டார்கள். இத்தகைய படைப்பையும் பகடி செய்யலாமா என்று குழுவில் பெரிய விவாதம் நடந்தது. வேண்டாம் என்பது என் முடிவு. அதன் பொருள் அதைச் செய்கிறவர்களின் கைகளிலேயே இருக்கிறது. அருகில் நின்று விளக்குகிறவருக்கு அங்கே வேலையே இல்லை. பகடிக்கு ஆள் வேண்டும் அல்லவா?

தமிழ்ப் பார்வையாளர்கள் தம்மையே பார்த்துச் சிரிக்கும் ஓரிடமாவது இல்லாவிட்டால் நாடகம் வெள்ளைக்காரர்களையும் பணக்காரர்களையும் பற்றிய வம்பாகிவிடும். எனவே கண்காட்சித் திறப்பு விழாவை ஒரு நூல் வெளியீட்டு விழாவாகவே அமைத்தோம். சிறப்பு விருந்தினர் தாமதமாக வருகிறார், படைப்பைப் பார்க்காமலே அதைப் பற்றி நெடுநேரம் பேசுகிறார், வாழ்த்துரை வழங்குவோரின் பெயர் நீண்டுகொண்டே போகிறது. அம்மாளுக்குப் பொன்னாடை போர்த்தப்படுகிறது. அவர் அதை உடனே மடித்து, மேடையில் அடுத்தவருக்குப் போர்த்த ஏதுவாகக் கொடுத்துவிடுகிறார். அந்தப் பொன்னாடை காட்சி முடிவதற்குள் எல்லார் தோளிலும் ஏறி இறங்கிவிடுகிறது. வசனமே இல்லாத இந்த இடத்துக்குத்தான் அரங்கம் அதிர்ந்தது.

விலையைச் சொல்வதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மில்லியன்களைக் கேட்டால் அரங்கம் வாயடைத்துப் போகும், சிரிக்காது. பார்வையாளர் தம் வாழ்க்கையில் ஏற்கெனவே புலம்பியிருக்கும் தொகைக்கு அருகில் விலை இருக்க வேண்டும். சிங்கப்பூரில் கார் வாங்குவதற்கு முன் அதை பத்தாண்டு வைத்திருக்கும் உரிமைக்காக ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் 150,000 வெள்ளியைத் தாண்டியது. டிஷ்யூ பாக்கெட்டோடு தரப்படும் சான்றிதழுக்குக் கியூரேட்டர் அதே தொகையைச் சொல்லும்போது, கணவர் அமைதியாக, “காகிதத்துக்குக் காசு குடுக்கறது நமக்குப் புதுசா என்ன?” என்கிறார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்காக அடுத்த வசனத்தை நடிகர்கள் நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. ஒத்திகையிலேயே அந்த இடைவெளியைப் பழக்கிவிடுங்கள்.

மேடை நடைமுறைகளில் சில. டிஷ்யூ பாக்கெட் பின்வரிசைக்குத் தெரியாது. அதைப் பெரிதாகச் செய்துவைத்தால் பகடியே கெட்டுவிடும். உண்மையான பாக்கெட்டையே வைத்து, இருக்கையை வெள்ளையாக்கி, மேலிருந்து ஒரே ஒரு குறுகிய ஒளிக்கற்றையை மட்டும் விழச் செய்து, நடிகர்கள் எல்லாரும் அதையே பார்த்தால் பார்வையாளரும் பார்ப்பார். ஆங்கிலத்தில் திரையில் ஓடும் வசன வரிகள் நகைச்சுவைக்குப் பகை. நடிகர் வாக்கியத்தை முடிப்பதற்குள் பாதி அரங்கம் படித்துச் சிரித்துவிடும், மீதிப் பாதி எதற்குச் சிரிக்கிறார்கள் என்று திகைக்கும். சிரிப்பு வரும் பகுதியைத் தனித் திரையாகப் பிரித்து, நடிகரின் வாயைப் பார்த்துத் தட்டிவிடும் ஒருவரை முதல் ஒத்திகையிலிருந்தே உடன் வைத்துக்கொள்ள வேண்டும். பொது நிகழ்ச்சிக்கான உரிமத்துக்காகப் பிரதியை முன்கூட்டியே தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்திடம் ஒப்படைப்பது வழக்கம். எனவே மேடையில் நினைத்ததைச் சேர்த்துப் பேசும் பழக்கமுள்ள நடிகர்களின் நல்ல வரிகளை ஒத்திகைக் காலத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். உண்மையான கலைஞரையோ கூடத்தையோ பாத்திரமாக்க வேண்டாம். வழக்குக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை; பெயர் வந்த உடனே பார்வையாளர் தம்மை விட்டுவிட்டு அவரைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிவிடுகிறார்.

நாடகத்துக்கு இரண்டு முடிவுகள் எழுதினேன். முதலாவதில் அம்மாள் வியர்த்து நிற்கும் கணவருக்காகப் பாக்கெட்டைக் கிழித்து டிஷ்யூவை எடுத்துக் கொடுக்கிறார். கூட்டம் மூச்சடக்கி நின்று, பிறகு கைத்தட்ட, விலை ஏறுகிறது. 2018-இல் லண்டன் ஏலத்தில் சுமார் ஒரு மில்லியன் பவுண்டுக்கு விற்ற மறுகணமே தானாகக் கிழிந்த பாங்க்ஸியின் ஓவியம், 2021-இல் கிழிந்த நிலையிலேயே 18 மில்லியன் பவுண்டுக்கும் மேல் போனதை அறிந்தவர்களுக்கு இந்த முடிவு நன்றாகப் பிடிக்கும். இரண்டாவதில் அவர் யாரையும் கேட்காமல் பாக்கெட்டை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு அந்த இருக்கையில் உட்கார்ந்துவிடுகிறார். கூட்டம் பார்க்க ஏதுமின்றிக் கலைந்து, எதிர்ச்சுவரில் இருக்கும் கலைஞரின் படைப்பின் பக்கம் முதன்முறையாகத் திரும்புகிறது. கறுப்புப்பெட்டி அரங்கில் இரண்டாவதையே நடித்தோம். குழந்தைகளும் சாப்பாட்டு வாசனையும் நிறைந்த சமூக மன்ற நிகழ்ச்சிகளுக்கு முதலாவதுதான் ஏற்றது. ஆனால் அதற்குக் காட்சிக்கு ஒன்றாகப் புதிய பாக்கெட்டுகளை வாங்கி வைக்க வேண்டும், அவற்றை ஒத்திகையின்போது யாரும் மூக்கு சிந்த எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள மேடைப் பொருள்களுக்கென்றே ஓர் ஆள் வேண்டும்.